விலங்கு மானான வரலாறு

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கச் செயலாளர் பணித்தபோது நாம் தயங்கினோம். நாம் புலவரல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருந்து வருகிறோம். முகவரிச் சீட்டையும் எடைச் சீட்டையும் படித்துப் பழகிய கண்ணுக்குச் சொல்லாராய்ச்சி எளிதில் வசப்படுமா? எனினும், மூட்டையின் மேல் எழுதிய பெயர் ஒன்றும் உள்ளே இருக்கும் பொருள் வேறொன்றுமாக இருத்தலை அடிக்கடி கண்டு வருபவர் நாம். ஆதலின், மேற்பெயர் மாறாமலே உட்பொருள் மாறிப்போன ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம். ‘டீர்’ என்பதே அச்சொல். மான் என்று அதற்குப் பொருள் கூறுவோம். அப்பொருள் அதற்குப் பிறவிப் பொருள் அன்று.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது ஒரு தொலைபேசி உரையாடலாகும். சென்ற ஆண்டு விடுமுறையில், ரயில்வே பாஸில் குடும்பத்தோடு காசிக்குச் சென்றோம். கங்கையாடி விசுவநாதரைத் தரிசித்த பின், அண்மையிலுள்ள சாரநாத்தையும் கண்டோம். புத்தர்பிரான் முதன்முதலில் அறமுரைத்த இடம் அது. ‘மிருகதாவம்’ என்பது அதன் பழம்பெயர்களுள் ஒன்று. மான்கள் வாழும் வனம் என்று அதற்குப் பொருள் சொல்வர். இன்றும் அங்கே மான்களை வேலியிட்டு வளர்க்கின்றனர். ஏழாம் வகுப்பிற் பயிலும் நம் இளைய மகன் அவற்றுக்குப் புல் கொடுத்து மகிழ்ந்தான். அன்றிரவே திருநெல்வேலியிலுள்ள தன் ஆச்சியைத் தொலைபேசியில் அழைத்து, “ஆச்சி! இன்றைக்கு ஒரு மிருகம் என் கையிலேயே வாய் வைத்தது!” என்றான்.

மறுமுனையில் நம் தாயார் பதறிவிட்டார். “எய்யா! என்ன மிருகம்? கடிச்சிருச்சா? ஊசி போட்டாங்களா? உங்கப்பனைக் கூப்பிடு!” என்று அவர் எழுப்பிய குரல், தொலைபேசி இல்லாமலே காசி வரை கேட்டிருக்கும். மான்தான் என்று நாம் விளக்கி அமைதிப்படுத்துவதற்குக் கால்மணி நேரமாயிற்று. பையன் மேல் குற்றம் இல்லை. அவன் இந்தியில் பயில்பவன். இந்தியில் ‘மிருக்’ என்றால் மான். நம் தாயாரிடத்தும் குற்றம் இல்லை. தமிழில் மிருகம் என்றால் விலங்கு. அதிலும் கொடிய விலங்கே முதலில் நினைவுக்கு வரும். ஒரே சொல் பாட்டிக்குப் புலியாகவும் பேரனுக்கு மானாகவும் நின்றது.

இஃது எங்ஙனம் நேர்ந்தது என்று ஆராயப் புகுந்தபோதுதான், இதே கதை இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது என்பதை அறிந்தோம்.

பழைய பொருள்

இன்றைய ஆங்கிலேயரின் முன்னோராகிய ஆங்கிளரும் சாக்சானியரும் ஐந்தாம் நூற்றாண்டையொட்டி ஐரோப்பாக் கண்டத்திலிருந்து கடல் கடந்து பிரிட்டன் தீவிற் குடியேறியவர்கள். அவர்கள் கொண்டுசென்ற மொழியில் ‘டேஓர்’ என்பது விலங்கு என்னும் பொதுப்பெயர். ஓநாயும் டேஓர், கரடியும் டேஓர், நரியும் டேஓர், மானும் டேஓர். மானைத் தனித்துச் சுட்டுவதற்கு ‘ஹெஓரொட்’ முதலிய வேறு சொற்கள் இருந்தன. இன்றைய ‘ஹார்ட்’ என்னும் கலைமான் பெயர் அதன் வழிவந்ததே.

ஆல்பிரட் என்னும் புகழ்பெற்ற அரசர் 871 முதல் 899 வரை ஆண்டவர். அவரிடம் ஒத்தெரே என்னும் நார்வே நாட்டார் ஒருவர் வந்து, தம் நாட்டுச் செய்திகளைக் கூறினார். அவருடைய செல்வங்களுள் 600 பழக்கிய ‘டேஓர்’ இருந்தன என்று அக்கால நூலில் எழுதப்பட்டுள்ளது. ‘அந்த விலங்குகளை அவர்கள் ஹ்ரான் என்று அழைக்கின்றனர்’ என்ற கருத்தில் விளக்கமும் சேர்க்கப்பட்டுள்ளது. பனிநாட்டில் வண்டியிழுக்கும் கலைமான்களே அவை. இன்று அவற்றை ‘ரெயின்டீர்’ என்று ஆங்கிலத்தில் வழங்குகின்றனர். மழைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ‘ரெயின்’ என்பது வடநாட்டார் அவ்விலங்குக்கு இட்ட பெயர். ‘டீர்’ என்பது விலங்கு என்னும் பழைய பொதுப்பெயர்.

கண்டத்திலேயே தங்கிவிட்ட உறவினர் மொழிகளில் அப்பழம்பொருள் இன்றும் அழியவில்லை. ஜெர்மானியர் விலங்கைத் ‘தியர்’ என்பர். டச்சுக்காரர் ‘டியர்’ என்பர். சுவீடனில் ‘யூர்’ என்பர். பெர்லின் நகரில் 1955இல் திறக்கப்பட்ட மாபெரும் விலங்குக் காட்சிசாலைக்குத் ‘தியர்பார்க்’ என்று பெயர். அச்சொல்லை எழுத்துக்கு எழுத்து ஆங்கிலமாக்கினால் ‘டீர் பார்க்’ ஆகும். ஜெர்மானியர் தியர்பார்க் சென்றால் யானையையும் சிங்கத்தையும் காண்பர். ஆங்கிலேயர் டீர் பார்க் சென்றால் மானை மட்டுமே காண்பர். சொல் ஒன்று, வேலிக்குள் நிற்பவை வேறு. மிருகக்காட்சிசாலை என்று எழுதிய பலகையைக் கண்டு நாமும், ‘மிருக வனம்’ என்று எழுதிய பலகையைக் கண்டு வடநாட்டாரும் உள்ளே புகுந்தால் எது நேருமோ, அதுவே அங்கும் நேர்கிறது.

சுருங்கியது எவ்வாறு?

1066ஆம் ஆண்டில் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்று முடிசூடினார். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. உழவர் குடிசையிலும் மாட்டுக் கொட்டிலிலும் ஆங்கிலம் தங்கியது. பிரெஞ்சிலிருந்து ‘பீஸ்ட்’ என்னும் சொல் 1200ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்திற் புகுந்து, விலங்கு என்னும் பொதுப்பொருளைக் கைப்பற்றத் தொடங்கியது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் லத்தீனிலிருந்து வந்த ‘அனிமல்’ அந்தப் பீஸ்டையும் ஒதுக்கிவிட்டு நாற்காலியில் அமர்ந்தது. முதற்குடியாகிய டீர் என்ன செய்யும்? தன் பெரிய மாளிகையை விட்டு ஓர் அறைக்குள் ஒடுங்கிற்று.

அவ்வறை மானுடையதாக அமைந்தமைக்கும் காரணம் உண்டு. நார்மானிய அரசர்கள் வேட்டையிற் பெருவிருப்புடையவர்கள். 1079ஆம் ஆண்டையொட்டி வில்லியம் தென்னிங்கிலாந்தில் ‘நியூ பாரஸ்ட்’ என்னும் பெருவனத்தை வேட்டைக்கென ஒதுக்கினார். மானைக் கொன்றவன் கண்ணைப் பறிக்க அவர் சட்டம் செய்தார் என்று அக்கால வரலாற்றேடு வருந்திக் கூறுகிறது. 1217ஆம் ஆண்டின் வனச் சாசனம் வந்த பிறகே, வேட்டைக் குற்றத்துக்காக ஒருவன் உயிரையோ உறுப்பையோ இழத்தல் ஆகாது என்ற நிலை ஏற்பட்டது. ஏழைக் குடியானவனுக்குக் கண்ணை இழக்கச் செய்யும் விலங்கும், பிரபுவுக்குப் பெருமை தரும் விலங்கும் மானே. விலங்கு என்று சொன்னவுடன் மானே நினைவுக்கு வந்ததில் வியப்பென்ன? 15ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் இம்மாற்றம் பெரும்பாலும் நிறைவேறிவிட்டது.

மானின் இறைச்சிக்கும் இதே கதி நேர்ந்தது. ‘வெனிசன்’ என்பது வேட்டையாடுதல் என்னும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். முதலில் வேட்டையிற் கிடைத்த எவ்விலங்கின் இறைச்சியையும் அது குறித்தது; பின்னர் மான் இறைச்சிக்கே உரியதாயிற்று. மான்குட்டியைக் குறிக்கும் ‘பான்’ என்ற சொல்லும் பழைய பிரெஞ்சில் எந்த விலங்கின் குட்டிக்கும் பொதுவாக இருந்ததே. மானைச் சுற்றிய சொற்கள் யாவும் ஒருங்கே சுருங்கியிருத்தல் நோக்கத்தக்கது.

எஞ்சிய தடங்கள்

ஒரு பொருள் வழக்கொழிந்தாலும் அதன் தடம் எங்கேனும் எஞ்சி நிற்கும். ஷேக்ஸ்பியர் இயற்றிய ‘லியர் அரசர்’ நாடகம் 1608இல் அச்சேறியது. அதில் பித்தனாக வேடமிட்டுத் திரியும் எட்கார் என்பான், தான் உண்டு வாழ்ந்த சுண்டெலியையும் பெருச்சாளியையும் சிறிய ‘டீர்’ வகைகளோடு சேர்த்துக் கூறுகிறான். எலி எங்ஙனம் மானாகும் என்று மாணவர் திகைப்பர். பழைய வீரகதை ஒன்றின் வரியைத் தழுவியது அக்கூற்று. ஆகவே விலங்கு என்னும் பழம்பொருள் அதிற் பதுங்கியிருக்கிறது.

‘வில்டர்னஸ்’ என்பது மற்றொரு தடம். காட்டு விலங்குகள் உறையும் இடம் என்பதே அதன் உட்பொருள். அதன் நடுவில் நிற்கும் ‘டர்’ என்னும் ஒலி நம் டேஓரின் தேய்ந்த உருவமே.

மூன்றாவது தடம் இலக்கணத்தில் உள்ளது. ஒரு மானும் டீர், பல மான்களும் டீர். ‘எஸ்’ சேர்த்து எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். நம் காலத்தில் காரணம் கேட்டவனுக்கும் அடிதான் கிடைத்தது. காரணம் இதுவே: பழைய ஆங்கிலத்தில் அஃறிணைப் பாற்சொற்கள் சில, ஒருமையிலும் பன்மையிலும் ஒரே வடிவில் நின்றன. ஆடு என்னும் ‘ஷீப்’, பன்றி என்னும் ‘ஸ்வைன்’ முதலியனவும் அவ்வினமே. டீர் தன் பொருளை இழந்தபோதும் அப்பழைய வடிவத்தை விடவில்லை.

வடமொழியிலும் தமிழிலும்

இனி, நம் பையனின் மிருகத்துக்கு வருவோம். இருக்கு வேதத்தில் ‘மிருக’ என்பது காட்டு விலங்குகளுக்குப் பொதுவான பெயர். கையுடைய மிருகம் என்று யானையை அது குறிப்பிடுகிறது. பிற்கால வடமொழியிலேயே அச்சொல் மானை நோக்கிச் சாய்ந்துவிட்டது. சந்திரனிடத்துள்ள களங்கத்தை மான் எனக் கொண்டு ‘மிருகாங்கன்’ என்றனர். விண்மீன் ஒன்றை ‘மிருகசீரிடம்’, அதாவது மான்தலை என்றனர். ஆனால் பழம்பொருளின் தடங்கள் அங்கும் உண்டு. சிங்கத்தை ‘மிருகராஜன்’ என்றும், குரங்கை ‘சாகாமிருகம்’, அதாவது கிளைவாழ் விலங்கு என்றும் கூறினர். சிங்கம் மான்களுக்கு மட்டும் அரசனாயிற்று என்று கொள்ளலாகாது அன்றோ?

இந்தி, வங்காளம், மராத்தி முதலிய வட மொழிகள் சுருங்கிய பொருளைப் பெரிதும் ஏற்றன. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் ஆகிய தென்மொழிகள் விரிந்த பொருளைக் காத்தன. பாரசீகத்திலோ இதன் உறவுச்சொல்லாகிய ‘முர்க்’ பறவையைக் குறிக்கும் என்று மொழிநூலார் கூறுவர். இந்தியில் நாம் நாள்தோறும் கேட்கும் ‘முர்கி’ அதன் வழிவந்ததே. குடியிருப்பு வாயிலிற் கோழி விற்பவர் கூவுவதும் நம் மிருகத்தின் ஒன்றுவிட்ட உறவுமுறையை என்க!

தமிழின் தனிச்சொல்லாகிய மானும் இவ்வழியிற் சென்றதே. சங்க நூல்களில் ‘மான்’ என்பது மானை மட்டும் குறித்ததன்று. ‘மான்தேர்’ என்றால் குதிரை பூட்டிய தேர். ‘கலிமான்’ என்றால் செருக்குடைய குதிரை. ‘அரிமான்’ என்றால் சிங்கம். ‘மா’ என்பதும் விலங்கின் பொதுப்பெயர். இன்று மான் என்றால் காட்டில் துள்ளும் மான் ஒன்றே. டீர், மிருக, மான் ஆகிய மூன்று சொற்களும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே பாதையில் நடந்து ஒரே வேலிக்குள் வந்து நின்றமை வியப்பிற்குரியது.

சொற்கள் சுருங்குதலும் விரிதலும் நம் இல்லத்தார்க்குப் புதியன அல்ல. நெய் என்பது முன்னாளில் எண்ணெய்க்கும் உரிய பொதுப்பெயர். இன்று பசு நெய், எருமை நெய் என்ற அளவில் நின்றுவிட்டது. எள்ளிலிருந்து வந்த நெய்யாகிய எண்ணெயோ, தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் என்று உலகமெல்லாம் பரந்துவிட்டது. ஆங்கிலத்தில் நாயைக் குறித்த பொதுப்பெயர் ‘ஹவுண்ட்’. அது வேட்டைநாயாகக் குறுகியது. எங்கோ ஒரு மூலையிற் கிடந்த ‘டாக்’ எல்லா நாய்க்கும் பெயராயிற்று. அடுப்பங்கரையில் நெய்யும் எண்ணெயும் செய்ததையே ஆங்கில நாட்டில் இரண்டு நாய்கள் செய்தன.

வழக்கில் ஓர் எச்சரிக்கை

மொழிபெயர்க்கும் மாணவர்க்கு ஒன்று சொல்லுதல் தகும். இன்றைய ஆங்கிலத்தில் டீர் என்பது பெரும்பாலும், ஆண்டுதோறும் கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைக்கும் இனத்தையே குறிக்கும். புள்ளிமானும் கடம்பை மானும் அவ்வினத்தன. முறுக்குக் கொம்புடைய வெளிமான் அவ்வினத்தது அன்று. அதன் கொம்பு உதிர்வதில்லை. ஆங்கிலத்தில் அது ‘ஆன்டிலோப்’ வகையைச் சேரும். தமிழோ இரண்டையும் மான் என்றே அணைத்துக்கொள்கிறது. சென்னைக் கிண்டி வனத்தில் புள்ளிமானையும் வெளிமானையும் ஒருங்கே கண்டு வருவோர், இரண்டையும் டீர் என்று எழுதினால் பிழையாகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டிக்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்டாக்’, ‘ஹைண்ட்’, ‘பான்’ எனத் தனிப்பெயர்கள் உள்ளன என்று வியக்கும் பிள்ளைகளுக்குக் கலை, பிணை, மறி என்னும் பெயர்களையும் சொல்லிக் கொடுப்போமாக. தொல்காப்பிய மரபியல் இத்தகைய பெயர்களை வகுத்து வைத்திருக்கிறது.

நமக்குரிய பாடம்

ஒரு குமாஸ்தா இவற்றையெல்லாம் ஏன் ஆராய வேண்டும் என்று கேட்பீராயின், விடை கூறுவோம். டீர் என்னும் சொல்லை எவரும் கொல்லவில்லை. எந்த அரசரும் அதைத் தடை செய்யவில்லை. வேறொரு சொல் வந்தது, இது சற்று விலகி இடங்கொடுத்தது, மீண்டும் விலகியது, இறுதியில் ஒரு மூலை மிஞ்சியது. சொற்களுக்கு நேர்வது மொழிக்கும் நேரும். இக்குடியிருப்பில் நம் பிள்ளைகளின் தமிழ் எங்கே இருக்கிறது? பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். விளையாட்டுத் திடலில் இந்தி. கைப்பேசியில் ஆங்கில எழுத்து. தமிழுக்கு எஞ்சியவை சோறு, குழம்பு, குளியல், சாமி. அதுவும் ஒரு மூலைதான். நாம் எவரையும் குறை கூறவில்லை. நம் வீட்டையே சொல்கிறோம். நம் மகன் கணக்கையும் கிரிக்கெட்டையும் பற்றித் தமிழில் ஐந்து நிமிடம் பேச இயலாதவனாய் இருந்தான். அலுவல் களைப்பில் நாமும் அவனுக்கு இந்தியிலேயே விடையிறுத்து வந்தோம். இதனை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறோம்.

ஆயினும் இங்கிலாந்தின் கதை அச்சம் மட்டும் தருவதன்று. குடிசையிலும் கொட்டிலிலும் ஒதுங்கியிருந்த ஆங்கிலம் அங்கேயே மடிந்துவிடவில்லை. 1362ஆம் ஆண்டில், நீதிமன்ற வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிடவேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வெற்றி கொண்டவர் மொழி மேலே இருந்த மூன்று நூற்றாண்டுகளில், கீழே இருந்த மொழியைத் தாய்மார் தம் மக்களோடு பேசி வந்தனர். அதனாலேயே அதற்கு மீட்சி கிட்டியது. பேசிய வீடுகள் இருந்தன; ஆதலின் மொழியும் இருந்தது.

நாம் வேண்டுவது பெரிதன்று. இந்தியையும் ஆங்கிலத்தையும் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். அவை சோறு போடும் மொழிகள். ஆனால் இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம், அன்று பள்ளியில் நடந்ததைத் தமிழிற் சொல்லச் சொல்வோம். சொல் கிடைக்காத இடத்தில் எடுத்துக் கொடுப்போம். நமக்கும் கிடைக்காவிடின் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்போம். ஞாயிறுதோறும் நம் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்புக்கு மழையென்றும் வெயிலென்றும் சொல்லாமல் அனுப்புவோம்.

நம் வீட்டில் அவ்வழக்கம் தொடங்கி ஓராண்டு ஆகப்போகிறது. சென்ற மாதம் நம் மகன் ஆச்சியை அழைத்து, சாரநாத்தில் தான் கண்டது புள்ளிமான் என்றும், அதில் கொம்புள்ளது கலை, கொம்பில்லாதது பிணை என்றும் விளக்கினான். நம் தாயார் பொறுமையாகக் கேட்டார். பின்னர், “இருக்கட்டும் எய்யா, மானும் மிருகந்தானே! பாத்துக் குடு” என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆல்பிரட் அரசரின் அவையில் இருந்தோர் கேட்டிருப்பின், அம்முதியவர் கூற்றே சரியென்று ஒப்பியிருப்பர்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!